ஒரு மணிச் சோறு

பத்திர எழுத்தர் கோமதிசங்கருக்குக் கோபம் வராத நாள் ஒன்று உண்டென்றால், அன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலகம் விடுமுறையாக இருக்கும். மற்ற நாளெல்லாம் காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிடுவார். மூலப்பத்திரம் இல்லாமல் வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறவனைத் திட்டுவார். பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் வைத்திருக்கிறவனை அதைவிடத் திட்டுவார். அவர் ஆபீஸ் வாசலில் பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவனுக்கு அவன் அப்பன் தாத்தன் வரைக்கும் சேர்த்து விழும். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆட்கள் அவரிடமே வந்தார்கள். அவர் எழுதிய பத்திரத்தில் எல்லை தப்பாது. வடக்கே யார் வயல், கிழக்கே எந்த வாய்க்கால் என்று தானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற மனுசன் அவர்.

வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பீடி, சிகரெட் கிடையாது. மதுவின் பக்கம் போனதே கிடையாது. தாத்தா காலத்தில் வயலும் கோயில் கட்டளையும் இருந்த குடும்பம். வயல் போனது, கட்டளையும் போனது. தலையை நிமிர்த்தி நடக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி கடையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை ஏழு இருபது பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிக்கும் முன் போய்ச் சேர முடியும். கல்யாணமான புதிதில் அவருக்கும் சேர்த்து மத்தியானச் சோறு கட்டித்தான் வைத்தாள். "ஆறிப்போன சோத்தத் திங்கதுக்கு ஜெயிலுக்கே போயிரலாம்" என்று அவர் சொன்ன அன்றைக்கு டிபன் பாக்ஸைக் கழுவிப் பரணில் போட்டவள்தான், அப்புறம் இறக்கவில்லை. அவளுக்கும் ரோசம் உண்டு.

அப்படித்தான் பத்தொன்பது வருடமாக லிங்கு கடை. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கும், அதை யாரும் படித்ததில்லை. லிங்கேஸ்வரனின் மெஸ், அவ்வளவுதான். நான்கு மேசை, பதினாறு நாற்காலி, மூலையில் கை கழுவும் தொட்டி, அதன் மேல் எப்போதும் சொட்டுகிற குழாய். வாழையிலையில் கூட்டு, பொரியல், அப்பளம், சாம்பார், புளிக்குழம்பு, ரசம், மோர், ஒரு டம்ளர் பாயசம். கட்டடத் தொழிலாளியும் வருவான், பாங்க் குமாஸ்தாவும் வருவான், செங்கோட்டை லாரி டிரைவரும் வருவான். கோமதிசங்கருக்குச் சுவரோரம் இரண்டாவது மேசை, உள் நாற்காலி. ஒரு மணிக்கு அவர் படியேறும்போது சப்ளையர் நல்லக்கண்ணு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். அந்த நாற்காலியில் அந்த நேரத்துக்கு வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. எழுதி வைத்த ஒப்பந்தம் கிடையாது. எழுத்தே தொழிலாக இருக்கிற மனுசன் தன் சோற்றுக்கு மட்டும் வாய்வார்த்தையை நம்பினார், அதுதான் கொடுமை.

தென்காசி மெஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் சேர்ந்துவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நின்றுகொள்வான். நாற்காலி முதுகில் கையை வைத்துவிட்டால் அந்த இடம் அவனுக்கு. முன்னால் இருக்கிறவன் ரசத்துக்கு வந்துவிட்டானா, மோருக்கு வந்துவிட்டானா என்று கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பான். அவன் மூச்சு இவன் பிடரியில் படும். மோர் இன்னொரு கை கேட்டால் பின்னால் இருந்து ஒரு பெருமூச்சு வரும். கோமதிசங்கர் தன் ஆயுளில் ஒரு நாள்கூட அப்படி நின்றதில்லை. "அடுத்தவன் எலையப் பாத்துட்டு நிக்கதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்பார். நிற்கிறவர்கள் காதில் விழும்படியாகவே சொல்லுவார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருடம். எட்டு வருடம் மாத்திரை, கடைசி மூன்று வருடம் இன்சுலின் ஊசி. இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று டாக்டர், இன்னொன்று அகிலாண்டேஸ்வரி. வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. காரணம் அவருடைய அண்ணன் விஜயசங்கர். அண்ணனுக்கு இதே வியாதியில் வலது கால் போயிற்று. கால் போனதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். பார்க்க வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இல்லாத காலைப் பார்த்து, "பாவம், எப்படி இருந்த மனுசன்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். வாசலைத் தாண்டும் முன்பே யார் நிலம் எவ்வளவுக்குப் போயிற்று என்று பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் "பாவம்" தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான் கோமதிசங்கர்.

ஆகவே தினமும் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆபீஸ் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவில் முத்திரைத்தாள் கட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊசிப் பேனாவை எடுத்து, வயிற்றில் பதினாறு யூனிட் போட்டுக்கொள்வார். நான்கு கரண்டிச் சோற்றுக்குப் பதினாறு யூனிட் என்று டாக்டர் அளந்து சொன்ன கணக்கு. "இருபது நிமிஷத்துல சாப்பாடு உள்ள போயிரணும் சார். போகலேன்னா சர்க்கரை தாறுமாறா எறங்கிரும். பையில எப்பவும் ரெண்டு மிட்டாய் கெடக்கட்டும்" என்று அவர் எச்சரித்துமிருந்தார். "எங்க மெஸ்ல ஒரு மணின்னா ஒரு மணி சார்" என்று கோமதிசங்கர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். மிட்டாய் வாங்கவே இல்லை.

அன்று வியாழக்கிழமை. ஜூலை மாதம், நல்ல சாரல். குற்றாலத்தில் காலை பத்து மணி வரைக்கும் குளிக்க விட்டார்கள். அப்புறம் மலையில் மழை பிடித்து மெயின் அருவியில் வெள்ளம் பெருகி, விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஐந்தருவியிலும் அதே கதை. குளிக்க வந்தவனுக்குக் குளியல் இல்லையென்றால் அடுத்தது என்ன? சோறு. மொத்தக் கூட்டமும் வேன் வேனாகத் தென்காசிக்குள் இறங்கிற்று. தலையில் வழியும் எண்ணெயும் தோளில் துண்டுமாக ஊரில் இருக்கிற அத்தனை இலையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஊசியைப் போட்டுக்கொண்டு நடந்து வந்த கோமதிசங்கருக்கு இது எதுவும் தெரியாது. மெஸ் படியில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது.

உள்ளே மூச்சு விட இடமில்லை. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள். சில நாற்காலிக்குப் பின்னால் இரண்டு ஆள்.

லிங்கேஸ்வரன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம். அருவில குளிக்க விடலியாம். கூட்டம் பூரா இங்கன வந்துட்டு."

"என் எடம் எங்கலே?"

"ஒரு சின்னப் பிள்ள உக்காந்திருக்கு அண்ணாச்சி. சோத்துல கை வச்ச பிள்ளைய எப்படி எழுப்ப?"

"உக்காரும்போதே சொல்லதுக்கு என்ன? பத்தொம்பது வருசமா வாறவன் வருவான்னு ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க எங்க போயிரப் போறீய அண்ணாச்சி. அவங்க வெளியூர்லா."

இந்தப் பேச்சைக் கேட்டீர்களா? வருடம் முழுக்க, மழையோ வெயிலோ, இவன் கடையில் இலை போட வைத்தது உள்ளூர்க்காரன். இரண்டு மாதம் வந்து போகிற வெளியூர்க்காரனுக்கு நாற்காலி. உள்ளூர்க்காரன் எங்கே போய்விடப் போகிறான் என்று ஒரு தைரியம். சீசன் வந்தால் ஊர்க்காரனுக்கு ஆட்டோ கிடையாது, பஸ்ஸில் இடம் கிடையாது. இப்போது சோறும் கிடையாது.

"ஊசி போட்டிருக்கேன், உடனே சோறு வேணும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். லிங்கேஸ்வரன் மோசமானவன் இல்லை, தன் மடியிலாவது உட்கார வைத்துப் போட்டிருப்பான். கோமதிசங்கர் சொல்லவில்லை. வந்த கோபத்தில் "ஒன் சோத்த நீயே தின்னு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஊசியைப் போட்டுக்கொண்ட வயிற்றோடு ரோசம் பார்க்கிற ஆளை என்ன சொல்ல?

ரத வீதி ஓட்டலுக்குப் போனார். வாசல் வரைக்கும் வரிசை நின்றது. இன்னொரு கடையில் பார்சல் மட்டும்தான், அதற்கும் அரை மணியாகும் என்றார்கள். வழியில் ஒரு பழக்கடையில் தார் தாராக வாழைப்பழம் தொங்கியது. இரண்டு பழத்தைப் பிய்த்துத் தின்றிருந்தால் பிழைத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வீதியில் நின்று பழம் தின்கிறதா என்று நினைத்தார். அப்புறம் அதை நினைத்தது மறந்துபோயிற்று. எதற்காகப் பழக்கடை முன்னால் நிற்கிறோம் என்பதும் மறந்துபோயிற்று. சர்க்கரை இறங்கும்போது முதலில் புத்தி இறங்கும். கோபம் மட்டும் அங்கேயே நிற்கும்.

அந்தக் கோபம்தான் அவரைத் திரும்ப லிங்கு கடைக்கே நடத்திக்கொண்டு வந்தது. மணி ஒன்று முப்பத்தைந்து. சட்டை முழுக்க வேர்வை. முழங்கால் ஆடியது. அவருடைய நாற்காலியில் எட்டு வயசுப் பெண்பிள்ளை ஒன்று அப்பளத்தை உடைத்து உடைத்து இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. கோமதிசங்கர் போய் அதன் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்தார். ஆயுளில் முதல் தடவை. பிடித்த கை நடுங்கியது, நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

"யாருங்க அது, சேரை ஆட்டாதீங்க" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா.

"பாப்பா, சீக்கிரம்" என்று சொல்ல நினைத்தார். நாக்கு தடித்துப்போய்க் குழறலாக ஒரு சத்தம்தான் வந்தது.

பிள்ளையின் அப்பன் திரும்பிப் பார்த்தான். வேர்த்த முகம், சொருகுகிற கண், ஆடுகிற கால். "என்ன பெருசு, பட்டப்பகல்லயே ஏத்திட்டியா?" என்றான்.

சீசனில் இந்த ஊருக்கு அது புதிதில்லை. வேனுக்குள்ளேயே குடித்துவிட்டு அருவியில் தலையைக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆடிக்கொண்டு ஒருத்தன் வந்தால் இங்கே யாரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் அன்றைக்கு அவருக்குத் தேவையாக இருந்தது.

பிள்ளையின் இலையோரத்தில் பாதி குடித்த பாயசம் ஒரு டம்ளரில் இருந்தது. கோமதிசங்கரின் கை அதை எடுத்தது. கைதான் எடுத்தது, அவர் எடுத்தார் என்று சொல்ல முடியாது. சொந்த வீட்டிலேயே இன்னொருவர் வாய் வைத்த டம்ளரைத் தொடாத மனுசன். வாயில் ஒரு மடக்கு போயிருக்கும், அதற்குள் அந்த அப்பன் தட்டிவிட்டான். மிச்சப் பாயசம் வெள்ளைச் சட்டையில் கொட்டிற்று. பிள்ளை வீறிட்டு அழுதது. "குடிகார நாயி, பிள்ள எச்சியக்கூட விட மாட்டேங்கிறான்" என்று அவன் கத்தினான். பதினாறு இலையும் திரும்பிப் பார்த்தது.

லிங்கேஸ்வரன் ஓடிவந்தான். பத்தொன்பது வருடம், வருடத்துக்கு முன்னூறு சாப்பாடு. இவர் குடிப்பாரா மாட்டாரா என்று அவனுக்குத் தெரியாதா? கிட்ட வந்து வாயை முகர்ந்து பார்த்தானா? பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்களுமா? இந்த வயசுலயா ஆரம்பிக்கணும்?"

கோமதிசங்கர் "சோறு" என்று சொல்லப் பார்த்தார். "சோ, சோ" என்றுதான் வந்தது. நல்லக்கண்ணு ஒரு கையையும் லிங்கேஸ்வரன் ஒரு கையையும் பிடித்து, பிடித்ததுகூட மரியாதையாகத்தான், அவரைப் படிக்குக் கீழே கொண்டுபோய்ச் சாரலில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

எதிரே ரிஃபாத்தின் டீக்கடை. அந்த ஒரு மடக்குப் பாயசம் எவ்வளவு தூரத்துக்குத் தாங்குமோ அவ்வளவு தூரம் அவர் நடந்தார். சரியாக டீக்கடை மேடை வரைக்கும் தாங்கியது. மேடையில் சீனி டப்பா திறந்திருந்தது. கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். இன்னொரு பிடி. ஆற்றிக்கொண்டிருந்த டீயை ரிஃபாத் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். குடிகாரர்களோடு வாதம் பண்ணக் கூடாது என்பது அவன் தொழிலில் படித்த பாடம். நாலாவது பிடிக்கு அவனே டப்பாவை நகர்த்தி வைத்தான்.

பத்து நிமிடம் கழித்துத் தெரு திரும்பவும் தெருவாயிற்று. தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும், சட்டையில் சேமியா ஒட்டியிருப்பதும் அவருக்குத் தெரிந்தது. ரிஃபாத் ஒரு டீயும் இரண்டு பன்னும் கொண்டுவந்து வைத்தான்.

"வண்டிய ஆபீஸ்லயே விட்டுட்டு ஆட்டோல போங்க அண்ணாச்சி. மூலையில போலீஸ் ஊதச் சொல்லிட்டு நிக்கான்" என்றான்.

அகிலாண்டேஸ்வரி எப்போதும் ஐந்தரைக்கு வருவாள். அன்று ஐந்து மணிக்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊசி போட்டுட்டுச் சாப்பிடலையா?"

கோமதிசங்கர் ஈசிசேரில் படுத்திருந்தார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? கடையம் வரைக்கும் வந்துட்டு. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் தனியாக் கூப்பிட்டு, கதவச் சாத்திட்டு, ஒரு நம்பர் எழுதிக் குடுத்தாங்க. குடிய மறக்கடிக்க ஆசுபத்திரியாம். அவங்க தம்பிக்கு அங்கனதான் சரியாச்சாம்." கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். "நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். என்ன நடந்திருக்கும்னும் கேட்ட ஒடனே தெரிஞ்சுது. அதச் சொல்ல விடுதீங்களா?"

"குடிகாரன்னு சொல்லிட்டுப் போறான். நாலு நாள்ல மறந்துருவான். சீக்குன்னு தெரிஞ்சா சாவுற வரைக்கும் விட மாட்டான்."

"ஒங்களுக்கு நாலு நாளு. எனக்கு?" அகிலாண்டேஸ்வரியின் குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரல். "எட்டாங்கிளாஸ் பிள்ளையள்லாம் இன்னைக்கி என்னயப் பாத்த பார்வை இருக்கே. எந்தப் பிள்ளையும் சத்தம் போடல. பாவம் டீச்சர்னு அமைதியா உக்காந்திருக்கு. ஒங்க அண்ணனுக்கு விழுந்த சொல்லு ஒங்க மேல விழக் கூடாதுன்னு என் தலையில வாங்கி வச்சிட்டீங்க. செத்தும் போயிருப்பீங்க. அப்பவும் குடிச்சுச் செத்தான்னுதான் சொல்லியிருப்பான். நான் அதையும் கேட்டுட்டு நின்னுருக்கணும்."

ஊரில் எல்லாரையும் திட்டத் தெரிந்தவருக்கு அன்றைக்குத் திட்ட வேண்டிய ஆள் யாரென்று நன்றாகவே தெரிந்தது. மடியில் கிடந்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அகிலாண்டேஸ்வரி கிளம்பும் முன் ஒரு பொட்டலம் மிட்டாயை மேசையில் வைத்து, "இது பையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மிட்டாய் மேசையிலேயே இருந்தது. மறந்து விட்டுப் போனாரா, வேண்டுமென்றே விட்டுப் போனாரா என்று கேட்டால் அவர் அதற்கும் கோபப்படுவார். ஊசிப் பேனாவை மட்டும் ஆபீஸ் பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில், எழுதுகிற பேனாவுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி குத்திக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்ளாமலே மெஸ்ஸுக்கு நடந்தார்.

மணி ஒன்று. அருவியில் குளிக்க விட்டிருந்தார்கள், ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. லிங்கேஸ்வரன் வாசலிலேயே வந்து மறித்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. உள்ள பேமிலியெல்லாம் இருக்காங்க. நேத்து அந்தப் பிள்ளையோட அப்பன் ஒரே சண்டை. நான் வீட்டுக்கே சோறு குடுத்து விடுதேன்."

கோமதிசங்கர் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் நடுவில் நின்றார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திருகி எண்ணைச் சரிபார்த்தார். வெள்ளைச் சட்டையைத் தூக்கினார். பனியனையும் தூக்கினார். மூன்று வருடமாக ஊசி குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போன வயிற்றைப் பதினாறு இலைக்கும் காட்டிக்கொண்டு, ஊசியைக் குத்தி அழுத்தி, ஒன்று முதல் பத்து வரைக்கும் சத்தமாக எண்ணினார். ஒருத்தர் வாயிலும் சோறு இறங்கவில்லை.

"பாத்துக்கோ" என்றார். "இன்சுலின். மூணு வருசமாப் போடுதேன். போட்டுட்டு இருபது நிமிஷத்துல சோறு திங்கலேன்னா வேர்க்கும், நடுங்கும், நாக்கு குழறும், அப்புறம் ஆள் காலி. நேத்து அதுதான் நடந்துச்சு. நான் குடிக்கல. பத்தொம்பது வருசமா எனக்குச் சோறு போட்டவன் என் வாய மோந்து பாக்காம, கையப் பிடிச்சு இழுத்து மழையில விட்டான். இப்ப மணி ஒண்ணு அஞ்சு. எனக்கு எலை போடு."

"அய்யோ அண்ணாச்சி" என்று லிங்கேஸ்வரன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அவனே ஓடிப்போய் ஒரு ஆளை எழுப்பிவிட்டு இடம் பண்ணினான். அவனே இலை போட்டு, அவனே தண்ணீர் தெளித்தான்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்த நிமிடத்தில் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் வெந்தயத்தை ஊற வைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருத்தர் ஆவாரம்பூ என்றார். செங்கோட்டைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், ஊசியே தேவைப்படாது என்று லாரி டிரைவர் ஒருவன் போன் நம்பர் தேடிக்கொண்டிருந்தான். "பாவம், எப்படி இருந்த மனுசன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோமதிசங்கர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நல்லக்கண்ணு வந்தார். பாகற்காய்ப் பொரியலைக் குவியலாக வைத்தார். அப்புறம் சோற்று வாளியிலிருந்து ஒரே ஒரு கரண்டி, அதுவும் தலை தட்டிய கரண்டி, இலையில் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"சோறு" என்றார் கோமதிசங்கர்.

"போதும் அண்ணாச்சி" என்றான் லிங்கேஸ்வரன். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. "பத்தொம்பது வருசமா ஒங்க எலையில வெசத்த வச்சிருக்கோம். அது தெரியாமச் செஞ்சது. இனிமே தெரிஞ்சு செய்ய மாட்டேன்."

"ஏலே, நாலு கரண்டிச் சோத்துக்கு ஊசி போட்டிருக்கேன். நாலு கரண்டி உள்ள போகலேன்னா நேத்து மாதிரி ஆயிரும்லே."

"நேத்து அந்தப் பாயசத்துனாலதான அண்ணாச்சி ஆச்சு? சுகர் உள்ளவங்க பாயசத்தக் குடிச்சா மயக்கம் வராம என்ன செய்யும்?"

ஆமாம் ஆமாம் என்று நான்கு மேசையும் தலையாட்டியது. நேற்று இருந்தவர்களும் ஆட்டினார்கள், இன்றைக்குப் புதிதாக வந்தவர்களும் ஆட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பதினாறு. கோமதிசங்கரின் பிடரியில் முதல் வேர்வை துளிர்த்தது.

எழுந்தார். நல்லக்கண்ணுவின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கரண்டி கரண்டியாகத் தன் இலையில் தானே போட்டுக்கொண்டார். லிங்கேஸ்வரன் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் சோற்றின் மேல் விரித்துக் கவிழ்த்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி. என்னய அடிச்சாலும் சரி. என் கடையில வச்சு ஒங்களச் சாக விட மாட்டேன்."

"கைய எடுலே."

"மாட்டேன்."

கோமதிசங்கர் சாம்பார் வாளியை எடுத்தார். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது, ஆவி பறந்தது. ஒரு கரண்டி நிறைய மொண்டு, அந்தக் கைகளுக்கு நேர் மேலே கொண்டுபோய்ச் சாய்த்தார். லிங்கேஸ்வரன் கையை உருவிக்கொண்டான்.

அவர் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டார். இடது முழங்கையால் இலையை அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கவளம் கவளமாக உள்ளே தள்ளினார். மெஸ்ஸில் வேறு யாரும் சாப்பிடவில்லை. பரிமாறவும் இல்லை. நல்லக்கண்ணு வாசலுக்குப் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். லிங்கேஸ்வரன் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாரும் அவர் எந்தக் கவளத்தில் சாய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதிசங்கர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ரசம்" என்றார்.